பிக்கப் வண்டியின் மூக்கு கீழே, முதுகு மேலே... ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகிவிடுமா?

வார நாளில் தோப்புக்கு உர மூட்டை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குலதெய்வம் கோயில். இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று டபுள் கேப் பிக்கப் வாங்கியவர்களை இப்போது பொள்ளாச்சி, கம்பம், ஏற்காடு பக்கம் போனால் பார்க்கலாம். 2016-ல் இசுஸு டி-மேக்ஸ் வி-க்ராஸ் வந்தது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. பார்க்க மிடுக்கு, ஏறி உட்கார்ந்தால் ராஜ தோரணை. எல்லாம் சரிதான்!

ஆனால், வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே இப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு புகார்கள் எழும். முதல் புகார் காலேஜ் படிக்கும் பையனிடமிருந்து: "அப்பா, வண்டி முன்னாடி தாழ்ந்து, பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது. போட்டோவுல நல்லாவே இல்ல." இரண்டாவது புகார் பின் சீட்டில் உட்காரும் பாட்டியிடமிருந்து: "ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இடுப்பு கழண்டு வருது."

இரண்டுக்கும் ஒரே பதில் தயாராக இருக்கும்: "ஷாக் அப்சார்பரை மாத்திடலாம்!"

அங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். பையன் சொல்வது உயரப் பிரச்னை. பாட்டி சொல்வது குலுக்கல் பிரச்னை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றைக் குணப்படுத்தாது. சில சமயம் மோசமாக்கவும் செய்யும்.

தாங்குவது யார், அடக்குவது யார்?

வண்டியின் எடையைத் தாங்கி நிற்பது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. பெயரில்தான் 'ஷாக்'கை வாங்கிக்கொள்வதாக இருக்கிறது. உண்மையில் பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது டயர், அடுத்தது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது. அமுங்கும், எழும்பும், திரும்ப அமுங்கும். அந்த ஆட்டத்தை ஒன்றிரண்டு அசைவில் நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். உருளைக்குள் எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகளும் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகத் திணறித் திணறிப் போக வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். மோசமான சாலையில் பத்து கிலோமீட்டர் போய்விட்டு நிறுத்தினால் ஷாக் சுடுவது அதனால்தான்.

ஆகவே, சாதாரண ஷாக்கை எடுத்துவிட்டு அதே அளவில் எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் வண்டி உயரம் ஏறிவிடாது. உள்ளே அதிக அழுத்தத்தில் காற்று அடைத்த வகை என்றால் துளி உயர்த்தும், அவ்வளவுதான். உயரம் வேண்டும் என்றால் ஸ்பிரிங்கையோ, ஸ்பிரிங் உட்காரும் இடத்தையோ தொட்டாக வேண்டும்.

பின்பக்கம் ஏன் தூக்கி நிற்கிறது?

அது தயாரிப்புக் குறை இல்லை, திட்டமிட்டுச் செய்தது. வி-க்ராஸ், ஹைலக்ஸ் இரண்டிலுமே முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் டபுள் விஷ்போன் அமைப்பு, காயில் ஸ்பிரிங். பின்பக்கம் லாரியைப் போல இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பின் தொட்டியில் பாரம் ஏறும்போது வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக, காலியாக இருக்கும்போது பின்பக்கத்தைச் சற்று உயர்த்தியே வைத்திருப்பார்கள்.

இரண்டு பக்கத்தையும் சமமாக்கும் மோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஃபோர்டின் எஃப் சீரிஸ் 1977 முதல் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே பிக்கப் என்பது பாரம் ஏற்றும் வண்டி மட்டுமல்ல. பால் வாங்க, பிள்ளைகளைப் பள்ளியில் விட எல்லாவற்றுக்கும் அதுதான். தொட்டி பெரும்பாலும் காலியாகவே இருக்கும் என்பதால், முன்பக்கத்தை இரண்டு அங்குலம் வரை உயர்த்திச் சமமாக்குவார்கள். 'லெவலிங்' என்று அதற்குப் பெயர். அதற்கென்றே ஒரு பெரிய உதிரிபாகச் சந்தை அங்கு நடக்கிறது.

நம் ஊர் வீடியோக்களில் பார்க்கும் மாடிஃபிகேஷன் எல்லாம் அதன் நகல். ஆனால், உங்கள் தொட்டியில் தேங்காய் ஏறுமா, ஏறாதா? அதைக் கேட்காமல் லெவல் செய்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். காலி வண்டி சமமாக நிற்கிறது. சந்தைக்குப் போகும் நாளில் தொட்டியில் பாரம் ஏறுகிறது. பின்பக்கம் அமுங்க, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வரும் பைக்காரரின் கண்ணில் நேராக அடிக்கிறது. முன் சக்கரங்களின் மேல் எடை குறைவதால் ஸ்டீயரிங் லேசாகிறது. பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் முன் டயருக்குப் பிடிமானம் குறைகிறது. இரவில், மழையில், மலைப்பாதையில் இது விளையாட்டில்லை.

பாரம் ஏற்றும் வண்டிக்கு முழு லெவல் வேண்டாம் என்பதே என் கருத்து. காலியாக நிற்கும்போது பின்பக்கம் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ உயர்ந்தே இருக்கட்டும். போட்டோவில் அது தெரியவே தெரியாது.

அளவெடுக்கும்போது ஒரு நுணுக்கம். சக்கரத்தின் மேலே இருக்கும் ஃபெண்டர் வளைவை முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டு, 'இவ்வளவு சாய்வு' என்று முடிவு செய்யாதீர்கள். அந்த வளைவுகள் இரண்டும் ஒரே உயரத்தில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. சமதளத்தில் நிறுத்தி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்தால் உண்மையான சாய்வு தெரியும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் வரை உள்ள அளவை வேறொரு காரணத்துக்காகக் குறித்து வையுங்கள்: வேலை முடிந்த பிறகு எவ்வளவு ஏறியது என்று பார்க்க. நான்கு சக்கரத்திலும், காலியாக ஒருமுறை, வழக்கமான பாரத்தோடு ஒருமுறை. டேப்பும் பத்து நிமிஷமும் போதும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

பாட்டியின் இடுப்புக்கு வருவோம். ஷாக் கடைக்குப் போகும் முன் பெட்ரோல் பங்க்குக்குப் போங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல பிக்கப்களில் காலியாக ஓட்டும்போது இவ்வளவு காற்று, முழு பாரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பாரம் ஏற்றிய அன்று பின் டயரில் அடித்த காற்றோடு வாரம் முழுக்க காலியாக ஓட்டினால், டயரே கல் மாதிரி ஆகிவிடும். எந்த ஷாக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. இந்த வைத்தியத்துக்குச் செலவு இல்லை.

அடுத்து லீஃப் ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே வளைவதால் அவற்றுக்குள்ளேயே ஒரு பிடிப்பு உண்டு. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் அந்த உரசலைத் தாண்டிப் பட்டை வளைவதற்குள் அடி நேராக உடம்புக்கு வந்துவிடும். பட்டைகளுக்கு இடையே மண்ணும் துருவும் ஏறினால் இன்னும் மோசம். முனைகளில் இருக்கும் உராய்வுத் தடுப்புத் துண்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, ஷேக்கிள் புஷ் கிழிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்தாலே சில வண்டிகளில் பாதிப் பிரச்னை தீரும்.

பழைய ஷாக் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய பட்டறை வழி உண்டு. மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நிறுத்தியவுடன் நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள் (சைலென்ஸர் பக்கம் கை போகாமல்!). வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒரே அச்சில் ஒன்று சூடாகவும் மற்றொன்று ஜில்லென்றும் இருந்தால், ஜில்லென்று இருப்பது வேலையை விட்டு ஓய்வு பெற்றுவிட்டது. மேலிருந்து கீழாக எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பியிருந்தாலும், டயரில் கைவைத்துத் தடவினால் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை காருக்குச் சரி. லீஃப் ஸ்பிரிங் போட்ட பின்பக்கத்தில் நம் எடைக்கு அது அசைந்தே கொடுக்காது.

ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா?

கடைக்குப் போனால் முதல் கேள்வி இதுதான். ட்வின் ட்யூப் என்பது குழாய்க்குள் குழாய். உள் குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக் குழாயில் மீதி எண்ணெயும் குறைந்த அழுத்தக் காற்றும் இருக்கும். விலை குறைவு, மென்மையாக இருக்கும், வெளியில் கல் பட்டு லேசாக நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய் தப்பிக்கும். குறை என்னவென்றால், தொடர்ந்து கரடுமுரடான பாதையில் ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரையை அமுக்குவதற்கு பிஸ்டனுக்குப் பெரிய முயற்சி வேண்டாமே! அதனால் ஷாக் தன் பிடியை இழக்கும்.

மோனோ ட்யூப்பில் ஒரே குழாய்தான். எண்ணெய்க்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன் தடுப்பாக நிற்கும். நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருப்பதால் எண்ணெய் எளிதில் நுரைக்காது. சூடும் வெளிச்சுவர் வழியே நேராக வெளியேறும். பிரான்ஸின் டி கார்போன் உருவாக்கிய இந்த முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1957-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் குழாய் நசுங்கினால் கதை முடிந்தது. பிஸ்டன் அந்தச் சுவரிலேயே ஓடுவதால் சிக்கிக்கொள்ளும். அதோடு, சாதாரண நகர வேகத்தில் இது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும்.

நைட்ரஜன் அறையே இல்லாமல், வெளிக் குழாயில் பஞ்சு போன்ற ஒரு பொருளை வைத்து நுரையைத் தடுக்கும் ஃபோம் செல் வகையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அயர்ன்மேன் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. குழாய் தடிமனாக, எண்ணெய் அதிகமாக இருக்கும். பாறையும் மண்ணுமான எஸ்டேட் பாதையில் மெதுவாக, நீண்ட நேரம் ஓடும் வண்டிக்கு இது நல்ல தேர்வு.

எதை வாங்குவது? பெரும்பாலும் தார் ரோடு, மாதத்துக்கு ஒரு மலைப்பயணம் என்றால் நல்ல ட்வின் ட்யூப்பே போதும். அதிக வேகத்தில் நெடுஞ்சாலை, ஓயாத ஓட்டம் என்றால் மோனோ ட்யூப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. 'விலை அதிகம், அதனால் சொகுசும் அதிகம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. பந்தயத்துக்கான வால்வு அமைப்போடு வரும் ஷாக்கைப் போட்டால் பாட்டி இரண்டாவது பயணத்துக்கு வரமாட்டார்.

ஒரு நுட்பம் சொல்கிறேன், கடைக்காரரிடம் கேட்க உதவும். ஷாக்கில் 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று சொல்வது வண்டியின் வேகத்தை அல்ல, பிஸ்டனின் வேகத்தை. பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவதும், வளைவில் வண்டி சாய்வதும் பிஸ்டனுக்கு மெதுவான அசைவுகள். கூர்மையான பள்ளத்தில் விழுவது வேகமான அசைவு. மெதுவான அசைவில் இறுக்கமாகவும், வேகமான அசைவில் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும் ஷாக்கைத்தான் நாம் தேட வேண்டும்.

போன வருஷம் உறவினர் ஒருவரின் பிக்கப்பில் பின் சீட்டில் உட்கார்ந்து ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போனேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு இடுப்பு வலிக்கவில்லை, தலைதான் சுற்றியது! குலுக்கல் குறைந்த, ஆனால் சாய்வு அதிகமான வண்டி அது. மெதுவான அசைவை அடக்காத ஷாக் மலைப்பாதையில் என்ன செய்யும் என்று அன்று புரிந்தது. குழந்தைகள் வாந்தி எடுக்கும் வண்டி எல்லா நேரமும் 'ஹார்டு'ஆன வண்டியாக இருக்க வேண்டியதில்லை.

மூக்கைத் தூக்கும் வழிகள்

மலிவான வழி ஸ்பேஸர். முன்பக்க ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பின் தலைக்கு மேல் ஓர் உலோகத் தட்டையோ, பாலியூரிதேன் தட்டையோ சேர்ப்பது. இந்தத் தொகுப்பு கீழ் விஷ்போனின் முனையில் அல்லாமல், நடுவாக்கில் அமர்ந்திருப்பதால் நெம்புகோல் கணக்கு வேலை செய்யும். ஓர் அங்குல ஸ்பேஸர் போட்டால் வண்டி ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரும். இது தெரியாமல் இரண்டு அங்குலம் வேண்டும் என்று இரண்டு அங்குல ஸ்பேஸரே போட்டுவிட்டால், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் மூட்டும் பால் ஜாயின்ட்டும் தாங்க முடியாத கோணத்துக்குப் போய்விடும். சரியான ஸ்பேஸரே போட்டாலும், சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். பெரிய பள்ளத்தில் ஷாக் முன்கூட்டியே உள்ளே இடித்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. மென்மை? ஒரு துளியும் கூடாது. அதே பழைய ஸ்பிரிங், அதே பழைய ஷாக்தானே!

இரண்டாவது வழி, உயரம் மாற்றக்கூடிய ஷாக். ஷாக்கின் உடம்பில் சில வரிப்பள்ளங்கள் இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை எந்தப் பள்ளத்தில் கிளிப் போட்டு நிறுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் மாறும். அமெரிக்காவில் பில்ஸ்டைன் 5100 என்ற ஷாக் இந்த வேலைக்குப் பெயர்போனது. உயரமும் புதிய ஷாக்கும் ஒரே செலவில் கிடைப்பதால் இந்த வழி பலருக்கும் பிடிக்கிறது.

ஆனால் மேல் பள்ளத்துக்குப் போகப் போக ஒரு விலை கொடுக்க வேண்டும். ஷாக் நிற்கும்போதே அதிகம் நீண்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்க மீதி நீளம் குறைவு. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டால், ஷாக் முழுதாக நீண்டு முட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறவில்லை என்றாலும் உள்ளே இருப்பவர்களுக்கு வண்டி முரடாகிவிட்டதாகத் தோன்றும். கடைசிப் பள்ளத்தை விட்டுவிட்டு நடுப்பள்ளத்தில் நிறுத்துபவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்த்தே மாற்றுவது. செலவு அதிகம். ஆனால் உயரமும் மென்மையும் இரண்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நேர்வழி. ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு போன்றவை இப்படித் தொகுப்பாக வருகின்றன. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டி-மேக்ஸ், ஹைலக்ஸ் ஏராளமாக ஓடுவதால் அங்கிருந்து நிறைய பாகங்கள் கிடைக்கும்.

கிடைக்கும் என்பதாலேயே அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலிய கேட்லாக்கில் முன் ஸ்பிரிங்கைப் பல வகையாகப் பிரித்திருப்பார்கள்: சாதா வண்டிக்கு ஒன்று, இரும்பு புல் பார் போட்ட வண்டிக்கு ஒன்று, புல் பாரோடு வின்ச்சும் வைத்த வண்டிக்கு இன்னொன்று. இந்தியாவில் புல் பார் சட்டப்படி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதிவிட்டது. ஆக, நம் வண்டியின் மூக்கில் அந்த எடை இல்லை. 'ஹெவி டியூட்டி, இதுதான் பெஸ்ட்' என்ற பேச்சை நம்பி அந்த ஸ்பிரிங்கை வாங்கினால், மூக்கு தேவைக்கு மேல் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும். இன்ஜின் எடையும் நாட்டுக்கு நாடு, மாடலுக்கு மாடல் வேறு. எந்த வருட மாடல், எந்த இன்ஜின் என்று சொல்லித்தான் பார்ட் நம்பர் கேட்க வேண்டும்.

பின்பக்கம்: பட்டையைக் கழற்றாதீர்கள்

'ஒரு பட்டையை உருவிட்டா கார் மாதிரி ஆயிடும் சார்' என்ற யோசனை எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும். ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி தாங்கும் எடை குறைந்துவிட்டது என்பது ஆர்.சி. புத்தகத்துக்குத் தெரியாது, தேங்காய் ஏற்றும் ஆளுக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் பட்டைகள் அந்தப் பாரத்தைச் சேர்த்துச் சுமந்து ஒருநாள் முறியும். வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின் அச்சு முறுக்கிக்கொள்வதும் கூடும்.

மாற்றுத்தான் வேண்டும் என்றால், வண்டியில் நிரந்தரமாக இருக்கும் பாரத்துக்கு ஏற்ற லீஃப் தொகுப்பாகப் பார்த்து வாங்கலாம். நல்ல நிறுவனங்கள் 'எப்போதும் இவ்வளவு கிலோ' என்ற கணக்கில் பிரித்தே விற்கின்றன. இங்கே பெருமைக்கு இடமில்லை. வாரத்தில் ஒருநாள் ஏற்றும் 500 கிலோவுக்காக எடுத்தால் மீதி ஆறு நாளும் குதிரை சவாரி. ஆறு நாள் எப்படி ஓடுகிறதோ அதற்கு எடுத்துவிட்டு, பாரம் ஏறும் நாளுக்கு மட்டும் காற்றடிக்கும் உதவிப் பைகளைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். அப்போதும் வண்டிக்கு நிர்ணயித்த எடையைத் தாண்டக் கூடாது.

சில பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி ஓடும். தொட்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைப் பின்பக்கத்தின் உயரத்தை வைத்து ஊகித்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பின்பக்கத்தை உயர்த்தினாலோ, இறுக்கமான பட்டை போட்டாலோ, பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும். உங்கள் வண்டியில் அது இருந்தால், வேலை முடிந்ததும் அதைத் திருத்தி அமைக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தேய்ந்த ஷாக்கை எடுத்துவிட்டு, அதே அளவில் வேறு நிறுவனத்தின் ஷாக்கைப் போடுவது பராமரிப்பு. வண்டியைத் தூக்கி நிறுத்துவது வேறு. உயரத்தைத் தொடும் எண்ணமிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் ஷோரூமிலும். விபத்து நடந்த பிறகு சர்வேயர் கண்டுபிடித்துக் கேட்கும்போது பதில் தேடுவது கடினம்.

மாற்றும் நாளன்று பக்கத்திலேயே நில்லுங்கள்

முன்பக்கத் தொகுப்பில் ஸ்பிரிங் பெரும் அழுத்தத்தில் அடங்கியிருக்கும். சரியான கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஆளைக் கொன்றுவிடும். கயிற்றால் கட்டி சமாளிக்கும் கடை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இது வீட்டு வாசலில் செய்யும் வேலையே இல்லை.

ட்வின் ட்யூப் ஷாக் கடையில் படுக்கவைக்கப்பட்டிருந்தால், காற்று தவறான இடத்துக்குப் போயிருக்கும். நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பளபளக்கும் பிஸ்டன் தண்டைக் குறடால் பிடித்தால் கீறல் விழும். அந்தக் கீறல் போய் வரும் ஒவ்வொரு முறையும் சீலைக் கிழிக்கும். சில மாதத்தில் புது ஷாக் ஒழுகும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்களை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்கிவிடக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைப்பாக இருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம், அதுவும் டார்க் ரெஞ்ச்சில்.

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடது மட்டும் கெட்டது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முன்பக்க உயரம் மாறினால் அன்றே வீல் அலைன்மென்ட். சக்கரத்தின் சாய்வுக் கோணம் மாறிப் போயிருப்பதால், தள்ளிப்போட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் வழித்துத் தேயும். அப்படியே இரவில் சுவர் முன் நிறுத்தி ஹெட்லைட்டைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் புது ஷாக் விறைப்பாகவே தெரியும். உள்ளே இருக்கும் சீல் பழக வேண்டும். அதற்குள் 'ஏமாந்துட்டோமோ' என்று பதற வேண்டாம். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஆரம்பத்தில் குறித்து வைத்த நான்கு அளவுகளை எடுத்து மீண்டும் டேப் பிடியுங்கள். புது ஸ்பிரிங் என்றால் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அதற்கேற்ப அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டிவரும். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எஃப்.சி. நாளிலோ, வண்டியை விற்கும்போதோ தேவைப்படும். ஒரு சாக்கில் கட்டி, பரணில் போட்டு வையுங்கள்.